லுக்குட் கோட்டையில் ஸ்டீபன் கண்டெடுத்த குண்டு

என் உயிர் மச்சான் ஸ்டீபனுக்கு,

மேலுலகில் வாழும் பெருமக்களுக்கும், கீழே மலாய் நாட்டு லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் வாழும் பொதுமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், முகிலன் ஆகிய எனக்கு மீசை முளைத்துவிட்டது. மொத்தம் பதினோரு முடி. வலப்பக்கம் ஏழு, இடப்பக்கம் நான்கு. இதைக் கேட்டு யாரும் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டாம். "மூஞ்சியக் கழுவுடா, கரி ஒட்டியிருக்கு" என்று அம்மா சொன்னதாக எதிர்க்கட்சியினர் பரப்பும் செய்தியையும் நம்ப வேண்டாம்.

நீ இருந்திருந்தால் பூதக்கண்ணாடியோடு வந்து எண்ணியிருப்பாய். எண்ணியதை நோட்டில் எழுதி, தேதி போட்டு, அடிக்கோடும் போட்டிருப்பாய். எதைக் கண்டாலும் உனக்கு அளந்தாக வேண்டும். நானும் அளக்கிறவன்தான். நீ கோட்டைகளை அளந்தாய், நான் கதை அளந்தேன். அதனால்தான் நமக்குள் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. ஐந்து நாள் காய்ச்சல். நான்காம் நாள் நான் ஆஸ்பத்திரிக்கு நான்கு ஆரஞ்சு வாங்கி வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எழுந்ததும் கொடுக்கலாம் என்று ஒன்றை உரித்தேன். பிறகு காய்ந்துவிடுமே என்று நானே தின்றேன். இப்படியே நான்கும் தீர்ந்தது. நீ எழுந்திருக்கவில்லை. இதுவரை நான் யாரிடமும் சொல்லாத ஆரஞ்சு அது. உனக்குத் தெரிந்திருக்குமா?

போன மாதம் மாதா கோயிலில் உனக்கு வருசப் பூசை. பூசை முடிந்து உன் வீட்டில் சாப்பாடு. அப்போதுதான் உன் அம்மா, அதாவது என் மேரி ஆன்ட்டி, என் தலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பேச்சுக்குச் சொல்லவில்லை. விசயமே குண்டைப் பற்றியதுதான்.

இந்தக் கடிதத்தை உன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நீ பொறுத்துக்கொள்.

உனக்குக் கோட்டைப் பைத்தியம். கைப்பேசியில் வெளிநாட்டுக் கோட்டைகளாகப் பார்ப்பாய். கடலோரப் பாறை மேல் கோபுரம் கோபுரமாக நிற்கும். தொங்கு பாலம் இருக்கும், நிலவறை இருக்கும், அதில் யாரோ ஒரு இளவரசன் சாப்பாடு இல்லாமல் கிடப்பான். விமானம் ஏறிப் போக நமக்கு வழியில்லை. சைக்கிள் ஏறிப் போக லுக்குட் இருந்தது. பதினான்கு வயதில், படிவம் இரண்டில் படிக்கும்போது, ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். மலை ஏறி, மூச்சு வாங்கி, மேலே போய் நின்றால் புல். புல்லுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்குச் சில சிவப்புக் கற்கள்.

"கோட்ட எங்கடா?" என்றேன்.

"இதான் கோட்ட."

"இது கோட்டனா எங்க வீட்டு மாட்டுக் கொட்டாய் அரண்மனலா."

"கொஞ்சம் சும்மா இரேன். இங்க பாரு, இது அகழி. இதுல தண்ணி நின்னுருக்கும்."

"தண்ணி எங்க நிக்குது? உடும்புல்ல நிக்குது."

நீ காது கொடுக்கவில்லை. காலடி வைத்து வைத்து எண்ணிக்கொண்டே சுவர் நெடுக நடந்தாய். எழுபதுக்குப் பக்கத்தில் வரும்போது நான் நடுவில் புகுந்து "நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணு" என்று எண்ணினேன். நீ திரும்பப் போய் முதலிலிருந்து எண்ணினாய். கோபப்படவே மாட்டாய். அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காதது.

அந்தக் கோட்டையைப் பற்றி நீ பள்ளிக்கு எழுதிய கட்டுரை ஞாபகம் இருக்கிறதா? 'நான் கண்ட கோட்டை' என்று தலைப்பு. ஆசிரியர் மேசைக்குப் போகும் வழியில் 'கோ'வின் கொம்பில் இருந்த சுழியை மட்டும் நான் அழித்துவிட்டேன். ஒரே ஒரு சுழி. ஆசிரியர் 'நான் கண்ட கொட்டை' என்று வகுப்பு முழுக்கக் கேட்க வாசித்துவிட்டு, "ரப்பர் கொட்டையா, புளியங்கொட்டையா?" என்று கேட்டார். நீயும்தான் சிரித்தாய்.

பிறகு லிங்கி. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற டச்சுக்காரர் கோட்டை. அங்கே சுவர் கொஞ்சம் மரியாதையாக நிமிர்ந்து நின்றது. கல்லெல்லாம் தேன்கூடு போல் ஓட்டை ஓட்டை. நீ டச்சுக் கேப்டன், நான் முற்றுகையிடும் படை. படை முழுவதும் நான் ஒருவனே என்பதால் மூன்று பக்கமும் மாறி மாறி ஓடிக் கத்த வேண்டியிருந்தது. கீழே படகில் வலை சரிசெய்துகொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் யார் ஜெயிக்கிறது என்று கேட்டார். நீ ரொம்பப் பணிவாக, மலாயில் மாமா என்று முறை வைத்து, "இப்ப இடைவேள, பாக்சிக்" என்றாய்.

அந்த இடைவேளையில்தான், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நீ அதைச் சொன்னாய்.

"ஒண்ணே ஒண்ணு கெடச்சா போதும்டா."

"என்னா?"

"என்னாவாச்சும். ஒரு ஆணி. ஒரு ஓட்டுச் சில்லு. இங்க நெசமாவே ஆளுங்க இருந்தாங்கன்னு கையில தொட்டுப் பாக்கணும்லா."

நல்ல நண்பனாக இருந்தால் அந்த இடத்தில் மனம் இளகியிருக்க வேண்டும். எனக்கு மண்டை அரித்தது.

அடுத்த வாரமே ஒரு வழி கிடைத்தது. பள்ளியில் பழைய விளையாட்டுச் சாமான் அறையை இடித்தார்கள். ஒதுக்கிப் போட்ட பழைய இரும்பில், குண்டு எறிதல் போட்டிக்கு வைத்திருந்த குண்டு ஒன்று கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். தமிழில் அதற்கும் குண்டு என்றுதான் பேர், பீரங்கியில் வைப்பதற்கும் குண்டு என்றுதான் பேர். சரி, தமிழ்தான் இப்படி என்று மலாயைப் பார்த்தால் அவர்களும் இரண்டையும் பெலுரு என்கிறார்கள். இரண்டு மொழிகள் கூட்டுச் சேர்ந்து ஒரு குறும்பைக் கையில் கொடுக்கும்போது, நான் தனி மனிதன், என்ன செய்ய முடியும்?

அதன் மேல் 4 KG என்று பொறித்திருந்ததை அரத்தால் ராவினேன். போர்டிக்சன் கடலிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் தோம்பு ஒன்று நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் மூன்று வாரம் ஊறப்போட்டேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்னா, ஊறுகாயா?" என்றார். ஆமாம் என்றேன். மூன்றாம் வாரம் எடுத்துப் பார்த்தால் குண்டுக்கு முந்நூறு வயது ஆகியிருந்தது. மழை பெய்த மறுநாள் லுக்குட் மலையடிவாரத்தில், தண்ணீர் அரித்துப் போட்டிருந்த மண்ணில், உள்ளங்கை அளவு மட்டும் வெளியே தெரியும்படி பதித்துவைத்தேன்.

சனிக்கிழமை உன்னைக் கூட்டிப்போனேன். நீ அதைத் தாண்டி இரண்டு தடவை நடந்தாய். மூன்றாம் தடவை நானே கால் வலிக்கிறது என்று அதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

"முகிலா, கால எடு," என்றாய்.

"ஏன்?"

"கால எடுன்னா எடுலா."

விரலாலேயே தோண்டினாய். அது வெளியே வந்ததும் நீ கத்துவாய், குதிப்பாய் என்று காத்திருந்தேன். நீ மண்ணில் அப்படியே உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தாய். எனக்குத்தான் என்னமோ போல் ஆகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் உன் சைக்கிள் கூடை அடி கழன்று விழுந்தது. சட்டையைக் கழற்றி அதில் சுற்றி, மீதி வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாய்.

உன் அம்மா அதை அலமாரி மேல் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதன்பின் நான் வரும்போதெல்லாம் நீ அந்தக் குண்டைப் பற்றிப் புதிது புதிதாக ஒன்று சொல்வாய். இது கடலிலிருந்து சுட்டது. இல்லை, மலையிலிருந்து சுடாமல் மிச்சம் வைத்தது. இதைச் செய்த கொல்லனுக்கு இடது கைப் பழக்கம். நான் முகத்தைப் பூசை நேரத்து முகமாக வைத்துக்கொண்டு, தலையாட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தலையணையில் முகம் புதைத்துச் சிரிப்பேன். லுக்குட்டிலிருந்து லிங்கி வரை எந்தத் தோட்டத்தில் வேண்டுமானாலும் விசாரித்துப் பார். ஒருவனை ஒரு வருடத்துக்கு மேல் ஏமாற்றி, மூச்சு விடாமல் ரகசியம் காத்தவன் என்னைத் தவிர எவனும் கிடையாது. உன் பிறந்தநாளன்று உண்மையைச் சொல்வதாக இருந்தேன். காய்ச்சல் முந்திக்கொண்டது.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன்.

"ஐயா முகிலா," என்றார் ஆன்ட்டி. "அந்தக் குண்ட முசியத்துல குடுத்துரலாம்னு இருக்கேன்."

முசியம் என்றால் அருங்காட்சியகம். அப்பளம் தொண்டையில் குறுக்கே நின்றது. "எந்தக் குண்டு ஆன்ட்டி?"

"வீட்டுல எத்தன குண்டு இருக்கு? ஸ்டீபன் கண்டுபுடிச்சானே, அதான். கோட்டைக்குக் கீழ இருக்குல்ல முசியம், அங்க கண்ணாடிப் பொட்டியில வச்சு, அடியில அவன் பேரு எழுதுவாங்க."

"வீட்டுலயே இருக்கட்டுமே. ஞாபகமா."

"வீட்டுல வச்சா யாரு பாக்குறா? ஒன்னயும் என்னயும் விட்டா பல்லிதான் பாக்குது."

"பழைய குண்டு ஆன்ட்டி. வெடிச்சிருச்சுன்னா?"

"இத்தன நாளு மாதாவுக்குப் பக்கத்துல வெடிக்காதது முசியத்துக்குப் போயி வெடிக்குமா?"

"நாளைக்கு மூடியிருக்கும்."

"நாளைக்கு யாரு போறா? சனிக்கெழம போவோம். நீயும் வர்ற. சாட்சி நீதானேடா."

மச்சான், அந்த வாரம் நான் பட்டது உனக்குத் தெரியாது. சொன்னால், உன் பேரில் ஆன்ட்டிக்கு இருக்கிற ஒரே பெருமை பழைய இரும்பாகிவிடும். சொல்லாவிட்டால், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அதைச் சொல்வார், ஆன்ட்டி முகத்துக்கு நேராக. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவு செய்துவிட்டு உன் வீட்டு வாசல் வரை போனேன். ஆன்ட்டி கதவைத் திறந்து என்னா ஐயா என்றார். "உப்பு இருக்கா ஆன்ட்டி?" என்றேன். உப்போடு திரும்பினேன். அரை மணி கழித்து மறுபடி போனேன். புளியோடு திரும்பினேன். இன்னொரு தடவை போயிருந்தால் ரசமே வைத்திருக்கலாம்.

சனிக்கிழமை ஆன்ட்டி மோட்டார் சைக்கிள் ஓட்ட, நான் பின்னால். மடியில் பிஸ்கட் தகரம், அதற்குள் துண்டில் சுற்றிய குண்டு. தோட்டத்திலிருந்து லுக்குட் வரை எத்தனை வேகத்தடை என்பதை இனிமேல் என் தொடையைக் கேள். போகும் வழியில் ஆன்ட்டி திரும்பாமலே கேட்டார்.

"பேரு தமிழுல எழுதச் சொல்லலாமா?"

"கேட்டுப் பாக்கலாம் ஆன்ட்டி."

"ஸ்டீபன்னு எழுதும்போது ஸ்-க்குப் புள்ளி வைக்கணும். நீ பாத்துக்க. அவங்களுக்குத் தெரியாது."

பாத்துக்குறேன் என்றேன்.

முசியத்தில் தலைக்குத் துணி கட்டிய மலாய்க்கார அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம். ஒரு படிவத்தை நீட்டினார். படிவம் நான்கில் படிக்கிறவனுக்கு அந்தப் படிவத்தில் நான்கு வரி நிரப்பத் தெரியவில்லை. பொருள் என்ன என்று கேட்டார். "பெலுரு," என்றேன். அது பொய்யில்லை. எங்கே கிடைத்தது என்றார். கோட்டைக்குக் கீழே என்றேன். அதுவும் பொய்யில்லை. ஒரு பொய்கூடச் சொல்லாமல் இவ்வளவு பெரிய பொய் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு அந்த அக்கா உள்ளே போய் ஒரு தராசைக் கொண்டுவந்தார். மீன் நிறுக்கிற தராசு மாதிரி, வட்ட முகம், ஒற்றை முள். குண்டை அதன் மேல் வைத்தார். முள் கிடுகிடுவென்று ஓடி, நாலில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

"எம்பாட் கிலோ," என்றார். சரியாக நான்கு கிலோ. "அந்தக் காலத்துலயே கிலோ கணக்குலதான் குண்டு செஞ்சாங்களா, தம்பி?" என்று மலாயில் கேட்டார்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று உன்னிடம் சொல்லியாக வேண்டும். நான் நிமிர்ந்தேன். கோட்டைச் சாவியை ஒப்படைக்கும் தளபதி மாதிரி, கணீர் என்று, "ஆன்ட்டி, அது பீரங்கிக் குண்டு இல்ல. ஸ்போர்ட்ஸ் குண்டு. நான்தான் பொதைச்சேன். என்ன மன்னிச்சிருங்க" என்றேன். அறையே அமைதியானது. உடும்பு கேட்டிருந்தாலும் கண் கலங்கியிருக்கும்.

ஆன்ட்டிக்கு உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மலாய்க்கார அக்காவும் சிரித்தார். சிரிப்பு நிற்கும்போதெல்லாம் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். அந்த அக்காவும் ஆன்ட்டியும் பல வருடமாக ஒரே பாசாரில் மீன் வாங்குகிறவர்களாம். தராசுகூட ஏற்கெனவே பேசிவைத்ததாம்.

"ஒனக்கு என்னாடா தெரியும்," என்றார் ஆன்ட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மலையிலேருந்து எடுத்துட்டு வந்தப்ப நெசம்னுதான் ஸ்டீபன் நெனச்சான். அன்னிக்கு சாயங்காலமே பிரஷ் போட்டு கழுவுனான். கே எழுத்து ஒண்ணு அரைக்காலோட நின்னுச்சு. மறுநாளு ஒங்க வீட்டுத் தோம்புல துரு வளையம் பாத்துட்டு வந்தான். அலமாரி மேல ஒசரமா வைமான்னான். முகிலன் பக்கத்துல வந்து பாத்தான்னா நமக்குத் தெரிஞ்சது தெரிஞ்சிரும், பாவம், அம்புட்டு தூரம் தூக்கிட்டு வந்து பொதைச்சிருக்கான்னான்."

நான் குண்டை உருட்டி அந்தக் 'கே'யைத் தேடினேன்.

"ஒரு நாளு முசியத்துக்குக் கொண்டுபோறோம்னு சொல்லி முகிலன் மூஞ்சியப் பாக்கணும்மான்னு சொல்லிட்டே இருந்தான். அவனால முடியல." ஆன்ட்டி குண்டைத் துண்டில் சுற்றினார். "அதான் நான் பாத்தேன்."

அதன்பின் சிரிப்பை யாரும் தொடங்கவில்லை. அந்த அக்கா மூன்று பேருக்கும் தேத்தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்தார். குடித்துவிட்டு நானும் ஆன்ட்டியும் மலை ஏறினோம். இவ்வளவு வருடம் பக்கத்திலேயே இருந்தும் அவர் ஏறியது இதுதான் முதல் தடவையாம். மேலே போய் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "கோட்ட எங்கடா?" என்றார். இதான் ஆன்ட்டி என்றேன். அகழியைக் காட்டினேன். பிறகு ஆன்ட்டி ஓரமாகக் கால் வைத்து வைத்து நடக்கத் தொடங்கினார். நான் நடுவில் புகுந்து எண்ணவில்லை. வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே போனேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

பள்ளி விடுமுறையில் லிங்கிக்கும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆன்ட்டி நெத்திலி சம்பலோடு சோறு கட்டிக்கொண்டு வருவாராம். முற்றுகையிடப் போகிற படைக்குக் கிடைக்கும் நல்ல சாப்பாடு.

இதோடு முடித்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் எழுதி முடித்ததும் ஆன்ட்டியிடம் வாசித்துக் காட்டினேன். தராசு வரை தலையாட்டிக் கேட்டவர், தளபதி வந்ததும், "இதையா அனுப்பப் போற?" என்றார். அதனால் ஒரு திருத்தம்.

நான் நிமிரவில்லை. கணீர் என்றும் சொல்லவில்லை. முள் நாலில் நின்றதும் ஒரு அடி பின்னால் போனேன். நான் சொன்னது இதுதான்: "ஆன்ட்டி, ஸ்டீபன்தான் ஸ்கூல்லேருந்து எடுத்துட்டு வந்தான். நான் அப்பவே வேணாம்னு சொன்னேன்."

அதைக் கேட்டுத்தான் ஆன்ட்டி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதையும்தான்டா சொன்னான் அவன்," என்றார். "மாட்டிக்கிட்டா மொதல்ல என் பேரத்தான் சொல்லுவான், கோவிச்சுக்காதமான்னு."

மச்சான், இனிமேல் எங்கே மாட்டினாலும் என் பேரை நானே முதலில் சொல்வேன். இது சத்தியம். இங்கிருந்தே தொடங்குகிறேன்.

எடுத்தவன், ஊறவைத்தவன், புதைத்தவன், பழியை உன்மேல் போட்டவன்,
ஏமாற்றியதாக நினைத்து ஏமாந்த உன் மச்சான்,
முகிலன்